பழைய டாக்சியும் நம் பிள்ளைகளும்



ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் பெட்டாலிங் ஜெயா பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். அடுக்குமாடி வீடுகளின் கீழே ஒரு பழைய காடி நிற்கும். அதன் முன்மூடி திறந்திருக்கும். நான்கைந்து இளைஞர்கள் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார்கள். கைகளில் கரி, நெற்றியில் வியர்வை, முகத்தில் மட்டும் திருவிழாவுக்குப் போகிற மகிழ்ச்சி! அந்தக் காடி ஒரு காலத்தில் டாக்சியாக ஓடியது என்பதை அதன் கதவோரத்தில் உரிந்திருக்கும் சாயமே சொல்லிவிடும். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் தாய்மார்கள், "பழைய டாக்சிக்கு இவ்வளவு பவுசா?" என்று சலித்துக்கொள்வார்கள்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். டாக்சியாக ஓடி ஓய்ந்த காடிகளை வாங்கி, பழுது பார்த்து, தங்கள் விருப்பப்படி மாற்றி அமைக்கும் ஆர்வம் நம் இளைஞர்களிடையே இருக்கிறது. இது நல்லதா, கெட்டதா? பெற்றோர் இதை எப்படி எதிர்கொள்ள வேண்டும்? தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் இது வீட்டுக் காரியம். எனவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டாலிங் ஜெயா இன்று கட்டடங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த மாநகரம். ஆனால் 1950களின் தொடக்கத்தில் அது எஃபிங்காம் தோட்டம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர்க் காடு. பால் வாளி தூக்கி நடந்த மண்ணின்மேல்தான் அந்த நகரம் எழுந்தது. பின்னாளில் சிலாங்கூரின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாக மாறியபோது, லயத்துக் குடும்பங்கள் பல அதே பகுதியின் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. வெட்டுக்கத்தி பிடித்த கை பட்டணத்தில் எதைப் பிடிப்பது? தோட்டத்து லோரியில் ஓட்டப் பழகியவர்கள் சிலர் டாக்சியின் சக்கரத்தைப் பிடித்தார்கள்.

டாக்சி என்பது நமக்கு வெறும் வாகனமன்று. நடுச் சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது டாக்சிதான். மணப்பெண்ணைக் கோயிலுக்கு அழைத்து வந்ததும் டாக்சிதான். பட்டணத்தில் இறந்தவரின் உறவினர்களை லயத்து வாசலில் கொண்டுவந்து இறக்கியதும் அதுவேதான். லயத்தில் எவருக்கும் சொந்தக் காடி இல்லாத காலத்தில், வாசலில் டாக்சி வந்து நின்றால் ஏதோ ஒரு பெரிய காரியம் நடக்கிறது என்று பொருள்.

அந்த நாள்களில் ஓடிய டாக்சிகள்தாம் எத்தனை வகை! மோரிஸ் ஆக்ஸ்போர்டு இருந்தது. கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக ஓடிய டாக்சிகள் இருந்தன. ஊர் விட்டு ஊர் போக மெர்சிடிஸ் டீசல் காடி இருந்தது. நான்கு பேர் சேரும்வரை காத்திருந்து, சேர்ந்தவுடன் கிளம்பும். 1976-இல் புடுராயா நிலையம் திறக்கப்பட்ட பிறகு அங்கே "ஈப்போ, ஈப்போ", "சிரம்பான், சிரம்பான்" என்று கூவி அழைத்த குரல் பெரியவர்களின் காதில் இன்னும் இருக்கும். பிறகு டட்சன், நிசான், டொயோட்டா ஆகிய ஜப்பானியக் காடிகள் வந்தன.

அதன் பின் வந்தது நமது நாட்டின் சொந்தக் காடி. புரோட்டோன் நிறுவனம் 1983 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. 1985 ஜூலை 9-ஆம் நாள் முதல் சாகா காடி அறிமுகமானது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் ஃபியோரே காடியை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் அது செய்யப்பட்டது. அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் துன் டாக்டர் மகாதீர் சாகாவை ஓட்டியபடி பாலத்தைக் கடந்தார். 1992-இல் அதே காடி முகத்தை மாற்றிக்கொண்டு 'ஈஸ்வரா' என்ற பெயரில் வந்தது. 2008-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள், அந்தக் குடும்பத்துக் காடி பெரிய மாற்றமின்றிச் செய்யப்பட்டுக்கொண்டே இருந்தது. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் சிவப்பும் வெள்ளையுமாக ஓடிய டாக்சிகளில் பெரும்பங்கு இந்த ஈஸ்வராவினுடையதே.

நம் இளைஞர்கள் ஏன் இந்தப் பழைய டாக்சிகளைத் தேடுகிறார்கள்? புதிய காடிகளின் அழகு இதற்கு இல்லையே? காரணங்கள் உண்டு. டாக்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் காடி உழைக்கிற காடி. நாள் முழுவதும் ஓட வேண்டும். கெட்டுப்போனால் அன்றைக்கே சரியாக வேண்டும். அதனால் அதன் அமைப்பு எளிமையாக இருக்கும், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். 23 ஆண்டுகள் ஒரே குடும்பத்துக் காடி செய்யப்பட்டதால், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. இன்றைய காடியின் இயந்திரத்தைத் திறந்தால் மூடிமேல் மூடியாக இருக்கிறது. எதைத் தொட்டாலும் கணினி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய ஈஸ்வராவில் கார்புரேட்டர் எது, பெட்ரோல் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்துக் கற்க முடிகிற பொருளின்மேல் பிள்ளைகளுக்கு ஆசை பிறப்பது இயல்பு.

இந்த ஆசை நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. இலண்டனில் 1958 முதல் 1997 வரை செய்யப்பட்ட கறுப்பு ஆஸ்டின் டாக்சியை இன்றும் வாங்கிப் பேணுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நியூயார்க்கில் மஞ்சள் நிறச் செக்கர் டாக்சி 1982-இல் உற்பத்தி நின்றும் 1999 வரை சாலையில் ஓடியது. தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அம்பாசடர் காடியை மறந்திருக்க மாட்டார்கள். நாம் மேலே சொன்ன மோரிஸ் ஆக்ஸ்போர்டின் பிள்ளைதான் அந்த அம்பாசடர். 1950களின் இறுதியில் பிறந்து 2014 வரை செய்யப்பட்டது. பம்பாயில் கறுப்பு மஞ்சளாக ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சிகளில் கடைசியானது 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது, அந்நகர மக்கள் உறவினரை வழியனுப்புவதுபோல் வருந்தினார்கள். கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவர் தம் மெர்சிடிஸ் டீசல் காடியை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். அந்தக் காடி இன்று ஜெர்மனியில் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒழுங்காகப் பராமரித்தால் இரும்பும் நன்றி காட்டும் என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டில் மைடெக்சி என்ற கைப்பேசிச் சேவை தொடங்கியது. அதுவே பின்னர் கிராப் என்று பெயர் மாறியது. சொந்தக் காடி வைத்திருப்பவரும் சவாரி ஏற்றலாம் என்று ஆனபோது, பழைய டாக்சித் தொழில் தளர்ந்தது. வயதான ஓட்டுநர்கள் சாவியை ஆணியில் மாட்டினார்கள். அவர்களுடைய காடிகள் அடுக்குமாடியின் கீழே தூசி படிந்து நின்றன. அந்தக் காடிகளைத்தான் பிள்ளைகள் கையில் எடுத்தார்கள்.

நேயர்களே, இனி நம் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம்.

நம்மிடம் தோட்டப் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன். கணக்குப் பாடம் என்றால் அவனுக்கு வேப்பங்காய். பின்னத்தைக் கரும்பலகையில் எழுதினால் சன்னலுக்கு வெளியே போகும் டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தோட்டம் விற்கப்பட்டபோது அவனுடைய குடும்பம் பெட்டாலிங் ஜெயாவுக்குக் குடிபோயிற்று. தந்தையார் ஓர் ஈஸ்வரா டாக்சியை வாடகைக்கு ஓட்டி, பிறகு அதையே சொந்தமாக்கிக்கொண்டார். அந்த வருமானத்தில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தந்தையார் நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார். காடி கீழே நின்றது.

தாயார் அதைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட நினைத்தார். மகன் மறுத்தான். "அப்பா உட்கார்ந்த சீட்டும்மா அது" என்றானாம். டயர்க் கடையில் வேலை பார்த்து வாங்கிய சம்பளத்தை அதிலேயே கொட்டினான். போதாமல் கடனும் வாங்கினான். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து இறக்குமதியாகும் பழைய காடிகளின் கடையிலிருந்து பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். ஸ்பிரிங்கை அறுத்துக் காடியைத் தாழ்த்தினான். தெருவே அதிரும் புகைக்குழாய் வைத்தான். நண்பர்கள் மெச்சினார்கள். பிரேக் மட்டும் தந்தையார் காலத்துப் பழைய பிரேக்காகவே இருந்தது.

ஒரு மழை இரவு. வேலை முடிந்த தங்கையை ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் வந்திருக்கிறான். முன்னே போன லோரி திடீரென்று நின்றது. இவன் பிரேக்கை மிதித்தான். காடி நிற்கவில்லை. வழுக்கிப்போய்ச் சாலையின் தடுப்புச் சுவரில் மோதியது. தங்கையின் வலது கை முறிந்தது. இயந்திரம் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காததால் அந்தப் பக்கமிருந்தும் உதவி வரவில்லை.

தாயார் நமக்குத் தொலைபேசியில் பேசினார். "வாத்தியாரையா, நீங்க சொன்னா கேட்பான். அந்தக் காடியை வித்துடச் சொல்லுங்க. அவரையும் இழந்துட்டேன், புள்ளைங்களையும் இழக்க முடியாது" என்று அழுதார். விற்றுவிடச் சொல்ல வேண்டும் என்ற முடிவோடுதான் நாமும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போனோம்.

போனபோது அவன் காடியின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தான். முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து, "வாங்கய்யா" என்று சொல்லித் தலைகுனிந்து நின்றான். "என்ன நடந்தது, தம்பி?" என்று கேட்டோம். தவறு முழுவதையும் அவனே சொன்னான். "இந்த டிஸ்க் பத்து மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ஞ்சிருக்குங்கய்யா. இந்த எண்ணெயில் தண்ணி கலந்திருக்கு. இஞ்சின் பலத்தைக் கூட்டினேன், நிறுத்துற பலத்தைக் கூட்டல. அதுதான் என் தப்பு" என்றான். பிறகு அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து காட்டினான். பின்னமும் தசமமும் அவன் வாயில் தண்ணீராய் ஓடின.

நாம் வெட்கப்பட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிள்ளையின் கையில் இருக்கும் பொருளிலிருந்து பாடத்தைத் தொடங்கு என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். நாம் கரும்பலகையிலிருந்தே தொடங்கினோம். ஆறு ஆண்டுகளில் நாம் கற்பிக்கத் தவறியதை ஒரு பழைய டாக்சி கற்பித்திருந்தது. அந்தக் காடியை விற்கச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அதே சமயம் மாடியில் கையில் கட்டோடு இருந்த அந்தப் பெண்ணை மறக்கவும் முடியவில்லை.

அன்று அந்தத் தாயாரையும் மகனையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரு பள்ளிக் கொப்பியில் சில விதிகளை எழுதினோம். அவை எல்லா வீட்டுக்கும் உதவும் என்பதால் இங்கே சொல்கிறோம்.

முதல் விதி: ஓடுவதற்கு முன் நிற்கப் பழக வேண்டும். தோட்டத்து மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கியவர்களுக்கு இது தெரியும். மெதுவாக இறங்கினால் பிரேக் பிடிக்கும், வேகமாக இறங்கினால் பிடிக்காது. விஞ்ஞானம் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காடி 20 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 120 கிலோமீட்டர் வேகத்தில் அதே காடிக்கு 80 மீட்டர் வேண்டும். சாலை நனைந்திருந்தால் அதற்கும் மேல். இயந்திரத்தின் பலத்தைக் கூட்டுகிறவர் முதலில் பிரேக்கின் பலத்தைக் கூட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். அப்போது மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது எண்ணெயை மாற்ற வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் டயரை மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டயரை வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்பிரிங்கை அறுப்பது கூடவே கூடாது. அறுத்த ஸ்பிரிங் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இடத்தை விட்டு நழுவும், சக்கரம் உடலில் உரசும்.

இரண்டாம் விதி: எரிவாயுத் தொட்டியைப் பற்றியது. டாக்சியாக ஓடிய காடிகள் பலவற்றில் இயற்கை எரிவாயுத் தொட்டி பின்பெட்டியில் இருக்கும். அதில் வாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படும். அது நம் காடி டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அத்தகைய தொட்டியின் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டுகள் என்று வகுத்திருக்கிறார்கள். 2025 ஜூலை 1 முதல் நம் நாட்டில் காடிகளுக்கு இந்த எரிவாயு விற்பது நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே பழைய டாக்சி வாங்குகிறவர்கள் அந்தத் தொட்டியை முறையான பட்டறையில் கழற்றிவிட வேண்டும். வீட்டின் கீழே ஸ்பானரை வைத்துக்கொண்டு தாமே கழற்றத் துணிவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாம் விதி: காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். டாக்சியின் எண் பலகை 'எச்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். கோலாலம்பூருக்கு எச் டபிள்யூ, சிலாங்கூருக்கு எச் பி. டாக்சி அனுமதியை ரத்துச் செய்து, சொந்த உபயோகத்துக்கு மாற்றி, சாதாரண எண் பெற்ற பிறகே அதை ஓட்ட வேண்டும். கூரை விளக்கை மாட்டிக்கொண்டு அழகு பார்க்கிற சிலர், போகிற வழியில் ஆளையும் ஏற்றிக் காசு வாங்குகிறார்கள். 'பிரேபெட் சாப்பு' என்று நாம் சொல்கிற சட்டவிரோத டாக்சி இதுதான். இது குற்றம்.

இயந்திரத்தின் எண் காடியின் பதிவில் இருக்கிறது. இயந்திரத்தை மாற்ற விரும்புகிறவர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பெற்று, பரிசோதனை நிலையத்தில் காட்டி, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய இயந்திரம் வாங்கும்போது கடையின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத பொருள் திருட்டுப் பொருளாக இருந்தால் பழி வாங்கியவன்மேல் விழும். எந்த மாற்றத்தையும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறவர்களும் அளவை அறிந்திருக்க வேண்டும். 2019 மே மாதத்திலிருந்து முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. சமன் கட்டுகிற பணத்தில் ஒரு ஜோடி நல்ல டயர் வாங்கலாம் அல்லவா?

நான்காம் விதி: கணக்கு எழுத வேண்டும். இந்த ஆர்வத்தின் பெரிய ஆபத்து சாலையில் மட்டுமில்லை, பணப்பையிலும் இருக்கிறது. "இது ஐம்பது வெள்ளிதானே, அது எண்பது வெள்ளிதானே" என்று சில்லறை சில்லறையாகப் போகும். மாதம் 300 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 3,600 வெள்ளி. ஐந்தாண்டில் 18,000 வெள்ளி. ஒரு பிள்ளையின் மேற்படிப்புக்குக் கைகொடுக்கும் தொகை அது. ஆகவே சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுப்பது, சேமிப்பது போக மீதியில் இவ்வளவுதான் என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும். வட்டிக்கு விடுகிற ஆலோங்கிடம் ஒரு காசும் வாங்கக்கூடாது. ஆசைக்கு வாங்குகிற கடன் அடுக்குமாடிக் கதவில் சிவப்புச் சாயமாக வந்து நிற்கும்.

ஐந்தாம் விதிதான் முக்கியமானது. கைத்திறனுக்குச் சான்றிதழ் வேண்டும். நம் பிள்ளைகள் பலர் பட்டறையில் பத்தாண்டு உழைத்தும் 'கூலியாள்' என்ற பெயரோடேயே நின்றுவிடுகிறார்கள். திறமை கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழ் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எஸ்.கே.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று படிப்படியாக ஏறலாம். கோலாலம்பூர் கூச்சாய் லாமாவில் உள்ளதைப்போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும், கியாட்மாரா நிலையங்களிலும் வாகனத் தொழில் கற்பிக்கிறார்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் உண்டு. அப்படிப்பட்டவர் தாம் செய்த வேலைகளைப் படம் பிடித்து, குறிப்பெழுதி, ஆதாரமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஞாயிறுதோறும் தம் பழைய டாக்சியைப் பழுது பார்க்கிற இளைஞருக்கு அந்த ஆதாரம் கண்ணெதிரே இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் நாள், அளவு, மாற்றிய பாகம் என்று கொப்பியில் எழுதிவைத்தால் போதும். விளையாட்டாகச் செய்தது தொழிலாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "அந்தத் தகரத்தைக் கட்டிக்கொண்டு அழாதே" என்று ஏசுவது எளிது. ஏசினால் பிள்ளை காடியை வேறு தெருவில் நிறுத்துவான், நம் கண்ணுக்கு மறைவாக எதையாவது செய்வான். அதைவிட, ஒரு நாள் கீழே இறங்கிப் போய் அருகில் நின்று, "இது என்ன, அது எதற்கு?" என்று கேளுங்கள். காடியைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "பிரேக் எப்படி இருக்கிறது? காப்புறுதி எந்த மாதம் முடிகிறது? இந்த மாதம் எவ்வளவு செலவு?" இந்த மூன்று கேள்விகள் போதும். மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிற பிள்ளையை நம்பலாம். பதில் சொல்லத் தயங்குகிற பிள்ளையின் சாவியை வாங்கி வைக்கலாம்.

இளைஞர்களே, உங்களுக்கும் சொல்கிறோம். அந்தக் காடியில் உங்கள் அப்பாவோ, உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவரோ பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து குடும்பத்தைக் காத்தார். ஏறிய ஒவ்வொருவரையும் பத்திரமாக இறக்கிவிடுவதுதான் அவருடைய தொழிலின் பெருமை. அந்தக் காடிக்கு நீங்கள் செய்யும் மரியாதை அதன் சத்தத்தில் இல்லை. அதில் ஏறுகிறவர் பத்திரமாக இறங்குவதில்தான் இருக்கிறது.

அந்த மாணவனின் கதை என்னாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். கடனை அடைக்க அவனுக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதுவரை காடி ஓடாமல் நின்றது. பெரிய இயந்திரத்தை விற்று, தந்தையார் காலத்து இயந்திரத்தையே புதுப்பித்துப் பொருத்தினான். புதிய டிஸ்க், புதிய எண்ணெய், புதிய டயர் போட்டு, பரிசோதனைக்குக் கொண்டுபோய்த் தேறி வந்தான். வாகனத் தொழிலில் இரண்டாம் நிலைச் சான்றிதழும் பெற்றுவிட்டான். இப்போது ஒரு பட்டறையில் பிரேக் வேலைக்கு அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். தங்கையின் கை மட்டும் இன்னும் முழுதாக நீளவில்லை. மழை நாளில் வலிக்கிறது என்கிறாள். கொப்பியில் எழுதினாலும் சில கணக்குகள் நேராவதில்லை.

போன தீபாவளிக்கு நாம் அங்கே போயிருந்தோம். தாயார் நெடுநாளாக அந்தக் காடியில் ஏற மறுத்திருந்தார். அன்று கோயிலுக்குப் போக வேண்டும். மகன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். அவர் சிறிது நேரம் தயங்கி நின்றார். பிறகு, "பிரேக்கைப் பார்த்துட்டியாடா?" என்று கேட்டார். "பார்த்துட்டேம்மா, ரெண்டு தடவை" என்றான். தாயார் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை காடியின் சாவியை எடுக்கும்போது நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். தினமும் கேளுங்கள்.